ஆண்டறிக்கை 2023–24: தரைதட்டிய விசைப்படகும் மீனவர் சங்கத்தின் மீட்புப் பணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியோர்களுக்கும், படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளுக்கும், தொழிலாளர் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடப்பில் உள்ளதால் எல்லோரும் கரையில் இருக்கும் இந்தச் சமயத்தில் பொதுக்குழு கூடியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவியும் பிற வழக்கமான பணிகளும் குறைவின்றி நடந்தேறின. செயற்குழுவின் நேரத்தையும் சங்க நிதியையும் இவ்வாண்டு பெருமளவு எடுத்துக்கொண்டது, மாசி மாதத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் விசைப்படகு, படகுகள் கடலுக்குப் போய்வரும் வாய்க்காலுக்கு வெளியே சேற்றில் தரைதட்டி நின்ற சம்பவமே ஆகையால், அதையே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து, மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நொறுங்கிய படகுகளைப் பார்த்த நமக்கு, ஒரு படகு சேற்றில் அமர்வது பெரிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் புயல் உடைக்காத படகை அவசரம் உடைத்துவிடக்கூடும் என்பதைச் செயற்குழு நேரில் கண்டது.

படகு தட்டியது பௌர்ணமிக்கு மறுநாள் இரவு, நீர் ஏற்றத்தின் உச்சத்தில். பாக் நீரிணையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். வற்றத்தில் தட்டிய படகு அடுத்த ஏற்றத்தில் தானே மிதந்துவிடும். பௌர்ணமி ஏற்றத்தின் உச்சத்தில் தட்டிய படகுக்கோ, அட்டமி நெருங்க நெருங்கத் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டேதான் போகும். இதை டிரைவரும் அறிவார், சம்மாட்டியும் அறிவார். இருந்தும் பதற்றத்தில் எஞ்சினை முழு வேகத்தில் பின்னோக்கி ஓட்டியதால், குளிரூட்டும் நீர் உறிஞ்சும் குழாயில் சேறு அடைத்து எஞ்சின் சூடேறி நின்றது. புரொப்பல்லர் தள்ளிய சேறு, படகின் அடிமரமான ஏராவின் இருபுறமும் மேடாகக் குவிந்தது.

மறுநாள் காலை உதவ வந்த இரு படகுகள் படகின் முன்பக்கமான அணியத்தில் உள்ள கட்டையில் கயிற்றைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தன. கட்டை, தான் பதிந்திருந்த மேல்தளப் பலகையோடு பெயர்ந்து வந்தது. விடுபட்ட நைலான் கயிறு பின்னோக்கிச் சீறியபோது அங்கே ஆள் நிற்காதது தெய்வச் செயல். வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. அதன் பிறகே சங்கம் பொறுப்பேற்றது; அமாவாசை ஏற்றம் வரும்வரை இழுப்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது.

காத்திருந்த நாட்களில் வேலைக்குக் குறைவில்லை. படகு மேலும் கரைப்பக்கம் ஒதுங்காதிருக்க, ஆழமான பக்கத்தில் இரண்டு நங்கூரங்கள் போடப்பட்டன. வலை, வலையை விரிக்கும் பலகை, ஐஸ், தண்ணீர் அனைத்தும் சிறு படகுகளான வல்லங்களில் கரை சேர்க்கப்பட்டன; டீசல், கடலில் சிந்தாதபடி கேன்களில் இறக்கப்பட்டது. வற்ற நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இளைஞர்கள் ஏராவை ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் ஒதுக்கினார்கள். மற்றொரு படகின் எஞ்சினை ஓட்டி அந்த நீர் வேகத்தால் சேற்றைக் கலைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அவ்விடம் கடற்புல் படர்ந்த இடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அந்தப் புல்லில்தான் நம் இறாலும் நண்டும் வளர்கின்றன.

படகை மிதக்கவிடுவதற்கு முன்பே உள்ளே ஓதம் (கடல்நீர்) கசிகிறதா என்று மூத்த தச்சர் பார்த்ததைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பிச்சல் எனும் பின்பக்கத்தில் இரண்டு பலகைகளுக்கு இடையே கலப்பத்து (இடுக்கை அடைக்கும் பஞ்சு) விட்டிருந்தது. கவனியாமல் இழுத்திருந்தால், சேற்றில் பத்திரமாக இருந்த படகை ஆழத்தில் கொண்டுபோய் மூழ்கடித்திருப்போம். பஞ்சு திணித்து, பம்பு ஏற்றி வைத்த பிறகே அடுத்த வேலை தொடங்கியது.

அமாவாசை கழிந்த இரவில் வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டதால் ஏற்றம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. நம் கடலில் நிலவை மட்டும் நம்பினால் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அன்று இரண்டும் கூடி வந்தன. கயிற்றை ஒரே கட்டையில் கட்டாமல் படகின் உடலைச் சுற்றி வளைத்துக் கட்டி, வந்த வழியே பிச்சல் முன்னாக, ஒரே படகால் மெதுவாக இழுக்க, படகு அதிகம் வருத்தாமல் வாய்க்காலுக்குத் திரும்பியது.

இழுத்த படகுக்கு டீசல் செலவு மட்டும் வழங்கப்பட்டது. தொழில் இழப்புக்கும் தொகை வேண்டும் என்ற கோரிக்கை பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கப்படுகிறது. கொடுப்பது நியாயம் என்றாலும், ஆபத்தில் போவதற்குக் கூலி நிர்ணயித்தால் நாளை கூலி பேசிய பிறகே கயிறு வீசப்படும் என்பது என் கருத்து.

தடித்த கயிறு, இரண்டு நங்கூரம், டீசல் பம்பு ஆகியவற்றைச் சங்கக் கட்டடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. தட்டியவுடன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கும், உயிராபத்து எனில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் முதலில் தகவல் சொல்ல வேண்டும்.

வாய்க்காலைத் தூர்வாரக் கோரும் மனு மீன்வளத் துறையிடம் அளிக்கப்பட்டுள்ளது. அது நிறைவேறும்வரை, வாய்க்காலின் இருபுறமும் ஒளிரும் நாடா சுற்றிய கம்புகளைத் தடைக்காலம் முடியும் ஜூன் 14 நள்ளிரவுக்குள் நட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சம்மாட்டியும் ஓர் ஆளை அனுப்பித் தருமாறு கேட்டு, இவ்வறிக்கையை ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்