அரையாண்டு நிறைவும் கணினி ஆய்வகக் குறுந்தகடுகளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். விவரம் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

சற்று விரிவாகக் கூற வேண்டியது ஒன்று உண்டு. குறுந்தகட்டில் ஒப்படைத்த செயல்திட்டங்கள் சில, பள்ளிக் கணினியில் திறக்காததால் மதிப்பெண் குறைந்தது என்றும், அதே தகடு வீட்டில் நன்றாக ஓடியது என்றும் சில பெற்றோர் வருந்தினீர்கள். அந்த வருத்தத்தைத் தட்டிக்கழிக்க மனம் வராமல், கணினி ஆசிரியருடன் நானே அமர்ந்து ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். கடையில் வாங்கிய பாடத் தகட்டையும் ஆசிரியர் தாமே பதிந்த தகட்டையும் நம் ஐந்து டிரைவ்களில் நான்கு தடங்கலின்றிப் படித்தன. ஆகவே, அந்த நான்கைப் பொறுத்தவரை குறை தகடுகளில்தான் இருந்தது.

சில தகடுகளில் பதிவை முடித்து மூடும் கடைசிப் படி விடுபட்டிருந்தது. அப்படிப்பட்ட தகடு பதிந்த கணினியில் திறக்கும், வேறொன்றில் திறக்காமல் போகலாம். சில, சிடி அல்ல, டிவிடி. சிடி டிரைவின் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு வேண்டியது 650. நம் பழைய சிடி டிரைவ்களால் டிவிடியைப் படிக்கவே இயலாது. இன்னும் சிலவற்றின் மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதியிருந்தது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பாதுகாக்கிறோம் (நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்); ஆனால் சிடியில் தகவல் இருப்பது மேற்பூச்சுக்குச் சற்றே கீழே. அடியில் உள்ள அழுக்கை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேற்புறக் கீறலுக்கு மருந்தில்லை.

ஐந்தாவது டிரைவைப் பற்றி வெளிப்படையாகவே கூறுகிறேன். விரிசல் விட்ட தகடு ஒன்றை, ஒட்டுநாடா ஒட்டி, தெரிந்தே உள்ளே இட்டிருக்கிறார்கள். அது வேகமாகச் சுழன்றபோது சிதறி டிரைவைப் பாழாக்கிவிட்டது. சில்லு எவர் கண்ணிலும் படாதது நம் நல்வினை. விரிசல் விட்ட தகடும் காகித ஒட்டி உள்ள தகடும் இனி எக்காரணம் கொண்டும் ஏற்கப்படமாட்டா. ஆய்வக உதவியாளரைப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்து பேசுவதையும் பள்ளி பொறுத்துக்கொள்ளாது.

தகடு திறக்காத மாணவர்கள் இம்மாத இறுதிக்குள் பென் டிரைவில் தங்கள் செயல்திட்டத்தை மீண்டும் ஒப்படைக்கலாம். குறைத்த மதிப்பெண் மறுபரிசீலனை செய்யப்படும். பழுதான டிரைவுக்கு மாற்றாகத் தம் வீட்டிலிருந்த, யூ.எஸ்.பி வழியே இணைக்கும் தகட்டு டிரைவைக் கேட்காமலேயே கொண்டுவந்து தந்த பெற்றோருக்கும், பொறுமையுடன் காத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்