சின்னவளின் திருமணப் படங்கள் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருமணம் நிச்சயமானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தரையெல்லாம் சாக்பீஸால் பாலம் வரைந்துகொண்டிருந்த குழந்தை, இன்று நிஜப் பாலங்களுக்கே வரைபடம் போடுகிறாள். மாப்பிள்ளைக்குப் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பதில் பித்து என்றும் எழுதியிருந்தாய். படங்களைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். இப்போது நலமாக இருக்கிறேன். மஞ்சளித்துப்போன பழைய லென்ஸ் போய்ப் புதிது வந்ததும் வெள்ளையெல்லாம் லேசாக நீலம் பூத்துத் தெரிகிறது. கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் அறையின் நிறமே மாறுகிறது! ஓய்வில் இருந்த நாட்களில் நான் எடுத்த பழைய திருமண ஆல்பங்களை எல்லாம் மறுபடி புரட்டினேன். வேறொரு ஜோடியை அதே இடத்தில் நிறுத்தினாலும் அப்படியே வந்திருக்கும் என்று தோன்றிய படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கை தானாகத் தள்ளிவிட்டது. அந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத படங்களில்தான் நின்றேன். அதனால், ‘எல்லோரும் எடுப்பது மாதிரி இல்லாமல் ஏதாவது ஐடியா சொல்’ என்று நீ கேட்டதற்கு, கேமரா உத்தியிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. அவர்கள் இருவரிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மாப்பிள்ளையின் கடிகார மேசையில் ஒரு விளக்கு இருக்குமே, அது போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இருவரும் அந்த மேசை மேல் குனிந்து ஒரு கடிகாரத்தைப் பிரிக்கட்டும். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். முகங்கள் அரை மீட்டரிலும் பின்சுவர் இரண்டு மீட்டரிலும் இருந்தால், முகத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். அறையில் கிடக்கும் சாமான்கள் எல்லாம் இருட்டில் மறைந்து, இரண்டு முகமும் நான்கு கையும் மட்டும் நிற்கும். கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதே. அவள் ஒரு பல்சக்கரத்தை இடுக்கியால் எடுத்து வைக்க முயலும்போது வரும் முகம் எந்தப் போஸிலும் வராது.

இதைத் திருமணத்தன்று செய்ய முடியாது, அன்று யாருக்கும் நேரம் இருக்காது. முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்படி எடுத்தால் அது திருமணப் படம் ஆகுமா என்று தங்கச்சி கேட்டால் இதைச் சொல். விக்டோரியா அரசிக்கும் ஆல்பர்ட்டுக்கும் திருமணம் நடந்தது 1840இல். பிரான்ஸின் டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு முந்தைய ஆண்டுதான், அதனால் அன்றைக்குப் படம் எதுவும் எடுக்கவில்லை. 1854இல் ரோஜர் ஃபென்டன் என்ற புகைப்படக்காரர் அவர்கள் இருவரையும் சேர்த்து எடுத்த படங்களைத்தான் பலர் இன்றும் திருமணப் படங்கள் என்று நம்புகிறார்கள். படத்தில் இருவரும் இருவராக இருந்தால் சரி, தேதியை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது உன் மகளுக்காகவே நான் யோசித்து வைத்தது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்ற பழைய அச்சு முறை உனக்கு நினைவிருக்கும். இரும்பு உப்புகளைப் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் கழுவினால் ஆழ்ந்த நீலத்தில் படம் வரும். பொறியாளர்களின் வரைபடங்களைப் பல ஆண்டுகள் இதே முறையில்தான் நகல் எடுத்தார்கள். நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக இருக்குமே, அது! பாலம் கட்டுகிறவளின் திருமணப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான தாள் எனக்குத் தெரியவில்லை. டிஜிட்டல் படத்தையே கண்ணாடித்தாளில் நெகட்டிவாக அச்சடித்துக்கொள்ளலாம். எந்த அளவில் படம் வேண்டுமோ, நெகட்டிவும் அதே அளவில் இருக்க வேண்டும். அன்றைய பூக்களையும் இலைகளையும் தாளின் மேல் நேராக வைத்தும் அச்செடுக்கலாம், கேமராவே தேவையில்லை. காரத்தன்மை உள்ள அட்டையில் மட்டும் ஒட்டிவிடாதே, நீலம் வெளுத்துவிடும்.

அவள் வரைந்த பாலம் ஒன்றை அப்படி நீலத்தில் அச்செடுத்துவிட்டால் இன்னொரு படமும் கிடைக்கும். பிரகாசமான வானத்துக்கு முன்னால் அவளைப் பக்கவாட்டில் நிறுத்தி, வானம் வெளுத்துப்போகும் அளவுக்கு மட்டும் ஒளியளவை வைத்து எடுத்தால் முகம் கறுப்பு நிழலாக வரும். அதே படத்தின் மேலேயே இரண்டாவது எக்ஸ்போஷராக, அதாவது இரண்டாம் முறை ஒளி விழவிட்டு, அந்த நீலத் தாளை எடுக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்துப்போன வானத்தில் அது தெரியாது. இருட்டாக இருக்கும் முகத்துக்குள் மட்டும் வெள்ளைக் கோடுகள் எழும். பல டிஜிட்டல் கேமராக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இந்த மாதிரிப் படம் ஆல்பத்துக்கு ஒன்று போதும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த யோசனை. சடங்கின் முக்கியமான நிமிடத்தில் எல்லாக் கேமராவும் மணமக்களையே பார்க்கும். ஒரே ஒரு கேமராவாவது அவர்களுக்கு முதுகைக் காட்டி, பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று உன் மகளுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பல வருடம் கழித்து அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான். நான் படமெடுத்துக் கொடுத்த குடும்பங்களில் இதைத்தான் பார்த்தேன். இதற்கென்றே இன்னொரு புகைப்படக்காரரை அமர்த்துங்கள், செலவை வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக் குழந்தை ஒன்றின் கையில் ஃபிலிம் போட்ட, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமராவைக் கொடுத்துவிடு. அதன் ஃபிளாஷ் மூன்று மீட்டர் அளவுக்குத்தான் எட்டும், ஆனால் குழந்தைகள் எப்படியும் கிட்டப் போய்த்தான் எடுப்பார்கள். இடுப்பு உயரத்திலிருந்து தெரியும் கல்யாணம் எந்தப் பெரியவரின் படத்திலும் இருக்காது.

சூரியன் மறைந்த பிறகு வரும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். வானம் கருநீலமாகி, விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் கொஞ்ச நேரம் அது. விருந்தினர் கூட்டத்திலிருந்து இருவரையும் இருபது நிமிடம் வெளியே அழைத்துப்போகும்படி நிகழ்ச்சி நிரலிலேயே எழுதி வைத்துவிடு, இல்லையென்றால் நடக்காது. பின்னணியில் பெரிய கட்டடமோ அவள் கட்டிய பாலமோ இருந்தால், நியூயார்க்கின் திருமணப் புகைப்படக்காரர் ரையன் ப்ரெனைசர் பிரபலமாக்கிய முறையில் எடுக்கலாம். 85 மில்லிமீட்டர் போன்ற லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து வைத்து, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் நிறச் சமநிலையையும் மாற்றாமல் பூட்டிவிட்டு, சுற்றிலும் துண்டு துண்டாகப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டுவது. அகலமான காட்சியும் கிடைக்கும், பின்னணியும் மென்மையாகக் கரையும். முதலில் மணமக்கள் இருக்கும் துண்டை எடுத்துவிட வேண்டும், பிறகு அவர்கள் அசைந்தாலும் பாதகமில்லை.

எதையெல்லாம் வேண்டாம் என்பேன் என்று கேட்டால், கலர்ப் புகைக் குண்டுகள், கறுப்பு வெள்ளைப் படத்தில் பூவுக்கு மட்டும் வண்ணம் விடுவது, தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மெழுகிவிடுவது. வேறு யாரோ செய்த போஸைக் கைபேசியில் காட்டி ‘இதே மாதிரி நில்லுங்கள்’ என்பதும் வேண்டாம். உன் மகளின் முகத்தில் அவள் பாட்டியின் தாடை இருக்கிறது. அதைத் திருத்த யாரையும் அனுமதிக்காதே.

என் வீட்டில் எல்லோரும் நலம். அடுத்த மாதம் இடது கண்ணுக்கு அறுவை இருக்கிறது, திருமணத்துக்குள் இரண்டும் தயாராகிவிடும். நான் கட்டாயம் வருகிறேன். அந்த முதுகைக் காட்டும் கேமராவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் கொடுத்துவிடு, ஆசையாகச் செய்வேன். அரங்கத்தின் ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன, சடங்கு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சீக்கிரம் எழுது. மாப்பிள்ளையின் மேசை விளக்கு மஞ்சளா வெள்ளையா என்றும் கேட்டுச் சொல்.

தங்கச்சிக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய தோழன்