பாலைப்பழ மரத்துக்கு வேறு மரத்தின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் காட்டு மரங்கள் பற்றிய தங்கள் கட்டுரையில், பாலைப்பழம் தரும் மரத்துக்கு 'அல்ஸ்ரோனியா ஸ்கொலாரிஸ்' என்று அறிவியற் பெயர் அச்சாகியிருந்தது. அது ஏழிலைப்பாலை. நம் காட்டுப் பாலை 'மணில்காரா ஹெக்சாண்ட்ரா'. வெட்டினால் இரண்டிலும் பால் வடியும், உறவு அவ்வளவுதான். முன்னது அலரியின் குடும்பம், பின்னது இலுப்பையின் குடும்பம்.

கொப்பு நுனியைப் பார்த்தாலே பிரித்தறியலாம். ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றிப் பல இலைகள் நிற்கும். காய்கள் பயிற்றங்காய்போல் மெலிந்து, இரண்டிரண்டாகத் தொங்கும். பாலையில் கணுவுக்கு ஓர் இலைதான். ஆனால் நுனியில் கணுக்கள் மிக நெருங்கியிருப்பதால், அவசரத்தில் பார்ப்பவர் அதையும் வட்ட அடுக்கு என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு படியிலும் இரண்டு விவரிப்பில் ஒன்றைத் தெரிந்து பெயரை நோக்கி நகரும் இணைக்கவர்ச் சுட்டியில் இந்தப் படி பிழைத்தால், அடுத்த படிகளை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வேறு குடும்பத்தில்தான் போய் நிற்க வேண்டும். இலையின் நுனியையும் பாருங்கள்: பாலையில் அது மழுங்கி, நடுவில் சற்று உள்வாங்கியிருக்கும்.

பழைய நூல்களில் இதே மரம் 'மிமுசொப்ஸ் ஹெக்சாண்ட்ரா' என்று இருக்கும். தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ இதை மகிழ மரத்தின் பேரினத்தில் (பெயரின் முன்பாதி குறிக்கும் இனத்தொகுதியில்) வைத்திருந்தார். பின்னர் பேரினம் மாறியது. ஆறு மகரந்தக் கேசரங்களைச் சொல்லும் 'ஹெக்சாண்ட்ரா' என்ற பின்பாதி அப்படியே நிற்கிறது. இரண்டு பெயரைக் கண்டு இரண்டு மரம் என்று எண்ண வேண்டியதில்லை.

மாணவர்கள் ஓர் இலையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் செயலியிடம் பெயர் கேட்கிறார்கள். பூவோ காயோ இல்லாத படத்துக்குக் கிடைப்பது ஊகம் மட்டுமே. உறுதியாகப் பெயர் சொல்ல, பூ அல்லது காயுடன் 30 செ.மீ. அளவு கொப்பை மாதிரியாக எடுக்க வேண்டும். வெட்டுமுனையில் பாலைத் துடைத்துவிட்டு, பத்திரிகைத் தாளில் பரப்பி, ஓர் இலையையேனும் அடிப்பக்கம் தெரியத் திருப்பி அழுத்துங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாள் மாற்ற வேண்டும். மாரியில் காலையும் மாலையும். பொலித்தீன் பையில் விட்டால் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்து உதிரும். பருத்த காயைத் தாளுக்குள் நசுக்காமல், அதே இலக்கமிட்ட கடதாசி உறையில் தனியாகக் காயவையுங்கள். பூவின் நிறம், மணம், பாலின் நிறம், பட்டையின் தன்மை, மரத்தின் உயரம் ஆகியவற்றை மரத்தடியிலேயே எழுதிவிட வேண்டும். காய்ந்த மாதிரியிடம் இவற்றைக் கேட்க முடியாது. இடமும் திகதியும் இல்லாத மாதிரியைப் உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்குக் கொண்டுபோயும் பெரிய பயனில்லை.

ஒதுக்குக் காட்டில் கொப்பு வெட்ட வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் எந்த மரம் பூத்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் வாசகர்,
மாங்குளம்.