நாலரை அங்குலச் சுவரும் இரண்டு பிள்ளைகளும்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதக் கடைசியில் லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை எடுத்துவிடும்படி கேட்டு இதை எழுதுகிறேன். பகல் 1 மணி முதல் 5 மணி வரையிலும் இரவு 8 மணிக்குப் பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடவோ குதிக்கவோ கத்தவோ கூடாது, நடைபாதையில் எந்நேரமும் விளையாடக் கூடாது, மீறினால் ரூ.300 என்கிறது அந்தத் தாள். அதற்குக் காரணமான புகார் என்னுடையது. எடுக்கச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் அயரும் இரண்டு மணி நேரமே அவருக்கு ஓய்வு. எனக்கும் அப்போதுதான் ஓய்வு. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் கூடம். அங்கே இரண்டு பிள்ளைகள்; மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு மூன்று. அவன் தன் மூன்று சக்கர வண்டியை டைல்ஸ் தரையில் ஓட்டினால் எங்கள் கட்டில் சட்டம் வரை அதிர்வு வரும். கோடை விடுமுறையில் இருவரும் பந்தைச் சுவரில் அடித்து எண்ணினார்கள். அவளுக்கு நூறு வரை எண்ணத் தெரியும். நூறு அடியும் விழுந்தன. ஒரு மதியம் இவர் திடுக்கிட்டு விழித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பொறுமை இழந்தேன். பிள்ளைகளின் தாயான அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். நேராக உங்களிடம் வந்தேன்.

நீங்கள் உடனே செயல்பட்டீர்கள், அதற்கு நன்றி. சுவர் அடங்கிவிட்டது. எப்படி அடங்கியது என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான்தான் அறிவேன். இப்போது மதியத்தில் கைப்பேசியிலிருந்து ஒரே பாட்டு திரும்பத் திரும்பத் தணிந்து கேட்கிறது. நடுவில் தாயின் குரல், அடக்கிய குரல்: "மெதுவாக, மெதுவாக, பாட்டி வந்துவிடுவார்." அந்தப் பாட்டி நான். மாடிப்படியில் என்னைக் கண்டால் பெரியவள் தாயின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறாள். அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை அந்தப் பெண் என் வாசலில் வந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். கணவன் சிங்கப்பூரில், மாமியார் ஊரில், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். அவள் கைகூப்பியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கட்டடத்தில் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே செலவிடுவது? மொட்டைமாடி பூட்டிக் கிடக்கிறது. தரைத்தளம் முழுவதும் கார்கள். நடைபாதைக்கு உங்கள் தடை. வெளிக்கதவைத் தாண்டினால் மினி பஸ் வரும் சாலை. மிச்சம் இருப்பது அந்தக் கூடம், எங்கள் சுவரோடு ஒட்டிய கூடம்.

நான் இதே கும்பகோணத்தில் ஒட்டு வீடுகள் நிறைந்த தெருவில் பிறந்தவள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ரயில் பெட்டிபோல் நீண்ட வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர். ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள், அடுத்த வீட்டில் எட்டு. சத்தத்துக்குக் குறைவா? ஆனால் அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பியது. அதிலிருந்த விளக்கு மாடத்துக்குள் என் கை முழங்கை வரை போகும். அதற்குப் பிறகும் சுவர் மிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்த செய்தியே எங்களுக்கு வாசல் வழியாகத்தான் வந்தது. இன்று நான் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் அந்த வீட்டில் பூச்சு உதிர்கிறது.

அப்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்த நேரமும் குறைவு. விளக்கு வைக்கும் வரை தெரு எங்களுடையது, அதற்கு அப்பால் ஆறு. ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தண்ணீர் நின்றதும் மாசி முதல் வைகாசி வரை காவிரியும் அரசலாறும் மணல் வெளியாகிவிடும். அதில் எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளி வீடுகளாகக் கட்டிவிட்டோம். எங்களை ஓடவிட்ட மணல் இன்று இந்தப் பிள்ளைகளை அடைத்துவைக்கும் சுவரில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கிறது. கடவுளையே குழந்தையாக்கிப் பாடிய பிள்ளைத்தமிழில் சிறுபறை கொட்டுவதற்கென்று ஒரு பருவம் உண்டு, சிறுதேர் உருட்டுவதற்கு ஒரு பருவம் உண்டு. பிள்ளை என்றால் ஓசை என்று அறிந்துதான் பாடியிருக்கிறார்கள்.

சுவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை அழைத்துவந்து காட்டினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர். ஒரு வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்க அது போதும். இரண்டு குடும்பங்களைப் பிரிக்கப் போதாது. சுவரின் எடை இரண்டு மடங்கானால் அதைக் கடந்து வரும் ஓசை ஏறக்குறைய 5 அல்லது 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலின் பொது விதி. ஒன்பது அங்குலம் கட்டியிருந்தால் அந்தக் குறைவு கிடைத்திருக்கும். இன்னொன்றையும் அவர் காட்டினார். எங்கள் பக்கத்து சுவிட்ச் பெட்டியும் அவர்கள் பக்கத்து சுவிட்ச் பெட்டியும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகக் குடையப்பட்டிருக்கின்றன. அங்கே நடுவில் சுவரே இல்லை, வெறும் தகரம். மழலை அப்படியே கேட்டது அந்த ஓட்டை வழியாகத்தான். என் செலவில் எங்கள் பெட்டியை ஓர் அடி தள்ளி வைத்து, பழைய குழியைக் கலவை போட்டு அடைத்துவிட்டேன். துணி அலமாரியையும் அந்தச் சுவரோரம் நகர்த்தினேன். பேச்சுக் குரல் பெருமளவு குறைந்துவிட்டது. குதிப்பதும் வண்டி உருள்வதும் வேறு வகை. அவை தளத்தின் வழியே அதிர்வாக வருகின்றன, தரையில்தான் தடுக்க வேண்டும். தடித்த தென்னை நார் விரிப்பு ஒன்றை அந்த வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன். அந்தப் பெண் வாங்கத் தயங்கினாள். "உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்காக" என்று சொன்ன பிறகே வாங்கினாள்.

உங்கள் அறிவிப்பு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைச் சுட்டுகிறது. அந்த விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. எட்டு மணி எங்கும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு உண்டு. ஆனால் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் இவற்றைத்தான் அவை பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகின்றன. ஜெர்மனியில் 2011-இல் சட்டத்தையே திருத்தி, காப்பகங்களிலும் விளையாட்டிடங்களிலும் பிள்ளைகள் எழுப்பும் ஓசையைப் பொதுவாகத் தீங்கான சூழல் பாதிப்பாகக் கருதக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, பிள்ளையின் ஓய்வையும் விளையாட்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது.

நம் கட்டடத்தில் இவரை எழுப்பும் ஓசைகளை ஒரு வாரம் குறித்துவைத்தேன். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் மோட்டார். ஐந்துக்கு மேல்வீட்டு மிக்ஸி. இரவு பதினொன்றுக்கு யாரோ நாற்காலியைத் தரையில் இழுக்கிறார்கள். நள்ளிரவில் கதவைத் திறக்கச் சொல்லி வாசலில் கார் ஹாரன். இவை எல்லாம் பெரியவர்கள் எழுப்பும் ஓசைகள், எல்லாமே சட்டம் இரவு என்று சொல்லும் நேரத்தில். இவற்றுக்கு இதுவரை ஒரு தாளும் ஒட்டப்படவில்லை, ஒருவரிடமும் முந்நூறு ரூபாய் கேட்கப்படவில்லை. நானும் புகார் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது எளிதாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

அறிவிப்பை எடுத்துவிட்டு, மொட்டைமாடியை மாலை நாலரை முதல் ஆறரை வரை திறந்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கம்பி வேலி போட வேண்டும்; கைப்பிடிச் சுவரையும் உயர்த்த வேண்டும். அதற்கு என் பங்கைத் தருகிறேன். பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்பதால் வாரத்தில் மூன்று நாள் நான் போய் உட்காருகிறேன்; இவரும் காற்றாட அமரலாம். மதியம் 2 முதல் 4 வரை அமைதி வேண்டும் என்பதை நானும் அந்தப் பெண்ணும் பேசி முடித்துக்கொண்டோம். அபராதம் இல்லாமலேயே அவள் அதைக் காப்பாற்றுகிறாள். பிள்ளை அழுதால் அழட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மோட்டாரை ஆறு மணிக்கு மேல் போடச் சொல்லுங்கள். பின்பக்க மனையில் இரண்டாவது கட்டடம் எழுப்பப் போவதாகக் கேள்விப்படுகிறேன். கட்டுபவரிடம் இன்றே பேசி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், எதிரெதிரே குடையாத சுவிட்ச் பெட்டிகள் என்று எழுத்தில் வாங்குங்கள். சுவர் எழுந்த பிறகு அதைத் தடிமனாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் கொத்தனார் எனக்குச் சொல்லிவிட்டார்.

ஆடிப் பதினெட்டு வருகிறது. அன்று பிள்ளைகள் சப்பரம் இழுக்க வேண்டும். காலை பத்து மணி வரை கார்களை வெளியே நிறுத்தி, தரைத்தளத்தைக் காலியாக வைக்கும்படி எல்லா வீட்டாரிடமும் சொல்லுங்கள். நான் வண்ணக் காகிதமும் மூங்கில் குச்சியும் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவளிடம் சப்பரம் கட்ட வருகிறாயா என்று நேற்றுக் கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
முதல் தளத்துப் பாட்டி