பெட்டி வரைந்தால் உத்தரம் ஆகாது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், இரும்பு உத்தரங்கள் வெளியே தெரியும் கூரையின் கணினிப் படம் பார்த்தேன். அழகுதான். ஆனால் உத்தரம் எல்லாம் வழுவழுப்பான கறுப்புப் பெட்டிகள். பார்த்தால் பெயின்ட் அடித்த மரச்சட்டம் மாதிரி இருக்கிறது.

கோவையில் 20 வருடமாக பிளான் வரைகிறேன். ஒருமுறை 150 மி.மீ. உயர ஐ-பீமை, அதாவது ஆங்கில ‘I’ வடிவ இரும்பு உத்தரத்தை, கூரைத் தளத்துக்குள் பாதி புதைந்த மாதிரி வரைந்துவிட்டேன். பத்தடி ஹால், படத்தில் தாராளமாகத் தெரிந்தது. கட்டி முடித்தபோது பீமுக்கு அடியில் ஒன்பதரை அடிதான். ஃபேன் ராடை வெட்ட வேண்டியதாயிற்று. “படத்துல பார்த்த ஹால் எங்க தம்பி?” என்றார் வீட்டுக்கார அம்மா. பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் முதலில் ஐ வடிவத்தையே வரைகிறேன்: மேல்தகடு, கீழ்தகடு, நடுவில் மெல்லிய தகடு. நிழல் விழுவதே அந்த இடுக்கில்தான். அதை நீட்டி, காம்பொனன்ட் (நகலெல்லாம் ஒன்றாக மாறும் உருப்படி) ஆக்கி, நகலை எதிர்ச்சுவரோரம் வைத்து /5 என்று தட்டினால் நடுவில் இன்னும் நான்கு வந்து, ஐந்து இடைவெளியும் தானாகச் சமமாகிவிடும். பிறகு ஒன்றைத் திருத்தினால் ஆறும் திருந்தும். நுனியைச் சுவர் முகத்தோடு நிறுத்தாமல் சுவருக்குள் ஏற்றி வரைய வேண்டும். மீட்டருக்குச் சுமார் 15 கிலோ இரும்பு, அந்தரத்திலா நிற்கும்?

இனி இப்படிப் படம் போடும்போது, உத்தரத்தின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அடி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட வரைவாளர்,
கோவை