அந்த 0.335 பற்றி

டர்பன்

அன்புள்ள குமரன்,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. இங்கே புரட்டாசி, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மீனும் கறியும் கிடையாது, என் மைத்துனன் மட்டும் யாருக்கும் தெரியாமல் மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றியது) வாங்கித் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொள்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

சரி, மீனாவின் ஆய்வுக்கு வருகிறேன். கிராஃபீனின் (ஒரே ஓர் அணு அடுக்காக உள்ள கார்பன் தாள்) யங் குணகம், அதாவது இழுத்தால் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற எண், 1 டெராபாஸ்கல் (லட்சம் கோடி பாஸ்கல்) என்று ஒரு கட்டுரையும் 5.5 என்று இன்னொன்றும் சொல்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாள். இரண்டையும் நம்பலாம், தடிமனைப் பார்த்துவிட்டு. 1 என்பவர்கள் கிராஃபைட்டில் அடுக்குக்கு அடுக்கு உள்ள இடைவெளியான 0.335 நானோமீட்டரைத் தடிமனாக வைத்தவர்கள். 5.5 வந்தது 1996-இல் யாக்கோப்சன் குழு நானோகுழாயை (அதே தாளைச் சுருட்டினது போன்ற கார்பன் குழாய்) மெல்லிய ஓடாகப் பாவித்துப் போட்ட கணக்கில், அங்கே தடிமன் 0.066. பெருக்கிப் பார்க்கச் சொல்: ஒன்று மீட்டருக்கு 335 நியூட்டன், மற்றது 363. சண்டை எங்கே இருக்கிறது? ஒரே ஓர் அணு அடுக்குக்குத் தடிமன் என்று நாம் வைத்ததுதான் தடிமன், அதனால் அவள் நியூட்டன்/மீட்டரிலேயே எழுதட்டும். 2008-இல் லீ, வெய், கைசர், ஹோன் நால்வரும் சிறு துளைகளின் மேல் விரித்த கிராஃபீனை அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அழுத்தி அளந்ததும் அப்படித்தான், 340, கூட்டியோ குறைத்தோ 50. டெராபாஸ்கல் எல்லாம் எஃகோடு ஒப்பிட்டு வாய் பிளக்கத்தான்.

இந்த இடத்தில்தான் நம்மைப் போன்ற சிவில் எஞ்சினியர்கள் வழுக்குவோம். பழக்கதோஷத்தில் அந்த 1 டெராபாஸ்கலையும் 0.335-ஐயும் தட்டின் வளைவு விறைப்புச் (வளைக்கப் போனால் எவ்வளவு எதிர்க்கும் என்பது) சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 20 எலெக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலுக்கான அலகு) வரும். குவாண்டம் கணக்குகள் தருவதோ 1.5 அளவில்தான்! தட்டை வளைத்தால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும், சூத்திரமே அதை நம்பித்தான் நிற்கிறது. ஒற்றை அணு அடுக்கில் மேல்பக்கம் ஏது, கீழ்பக்கம் ஏது? வளைப்பை எதிர்ப்பவை தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பை எலெக்ட்ரான்களும் பிணைப்புக் கோண மாற்றங்களும். ஆகவே இழுப்புக்கு ஓர் எண், வளைப்புக்கு ஓர் எண், தனித்தனியாகவே கொடுக்க வேண்டும். ஷெல் எலிமெண்ட் (கணினிக் கணக்கில் மெல்லிய ஓட்டுத் துண்டு) வைத்துத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால் யாக்கோப்சனின் 0.066 மாதிரி இரண்டுக்கும் ஒத்துப்போகும் ஒரு போலித் தடிமன் தேட வேண்டும், எனக்கு அது பிடிக்காது, பார்க்கிறவர்கள் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு கூத்து, அறை வெப்பநிலையில் தாள் தட்டையாகவே இருப்பதில்லை, நெளிகிறது. நம் பழைய வீடுகளின் கூரையில் நெளித் தகரம் போட்டது போலத்தான், நெளிந்தால் விறைப்பு கூடும். 2015-இல் கார்னெல் குழு மைக்ரோமீட்டர் அளவுத் தாள்களை வெட்டித் தூக்கி அளந்தபோது வளைவு விறைப்பு அணு அளவுக் கணிப்பைப் போல் பல ஆயிரம் மடங்கு இருந்தது. ஆக வளைவு விறைப்பைச் சொல்லும்போது எந்த அளவுத் தாள், எந்த வெப்பநிலை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் அவள் லாம்ப்ஸில் (அணுக்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) ஐரெபோ பொடென்ஷியல் (கார்பன் அணுக்களுக்கு இடையிலான விசைக்கான சூத்திரம்) வைத்து இழுக்கப் போவதாக எழுதியிருந்தாய். சிறிய திரிபுக்கு (நீட்சி விகிதத்துக்கு) தாராளமாகச் செய்யலாம். உடையும் வரை இழுத்தால் மட்டும் ஜாக்கிரதை. பிணைப்பு 0.142-இலிருந்து நீண்டு 0.17 நானோமீட்டரைத் தாண்டியதும் அதன் கட்ஆஃப் சார்பு (தூரம் கூடும்போது பிணைப்பைப் படிப்படியாக வெட்டிவிடும் பகுதி) குறுக்கே புகுந்து தகைவை, அதாவது இழுப்புக்குத் தாள் காட்டும் எதிர்விசையை, பொய்யாக மேலே தூக்கிவிடும், வரைபடத்தின் கடைசியில் வால் நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்து புதுக் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம். அந்த எல்லையை 0.192-லிருந்து 0.2-க்குள் தள்ளி வைத்து ஓட்டுவதுதான் பலரும் செய்வது. லீ குழுவின் மதிப்பீட்டில் தாள் கிட்டத்தட்ட 25 சதவீதம் நீண்டு 42 நியூட்டன்/மீட்டரில் உடைகிறது, கோடும் நேர்கோடு இல்லை, போகப்போக வளைந்து தாழ்கிறது.

முதலில் வெப்பநிலை பூஜ்யம் கெல்வினில், சில நூறு அணுக்களோடு, ஒரு சதவீதத்துக்குள் மட்டும் இழுத்துப் பார்க்கட்டும், மடிக்கணினியே போதும். விடை மேலே சொன்ன 340 நியூட்டன்/மீட்டரிலிருந்து வெகுதூரம் விலகினால் உள்ளீட்டுக் கோப்பை எனக்கு அனுப்பச் சொல், உட்கார்ந்து பார்த்துவிடுவோம். டிசம்பர் விடுமுறைக்கு லெனேசியாவிலிருந்து எல்லாரும் இங்கே வருகிறீர்களா இல்லையா, அதை மட்டும் சீக்கிரம் சொல், மாடி அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லி வைக்க வேண்டும்.

உன்,
மூர்த்தி