ஓடும்போது மயங்கி விழும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் மரதன் ஓட்டங்களும் நடக்கும் காலம் இது. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஹேங்க் கெதர்ஸ் ஆடுகளத்தில் விழுந்து இறந்த மார்ச் 4ஆம் திகதியும் இதே காலத்தில்தான் வருகிறது. அவருடைய ஆட்டத்தை இங்கே தெரிந்தவர்கள் குறைவு. அவருக்கு நேர்ந்ததை நம் உடற்கல்வி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கெதர்ஸ் 1967இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லொயோலா மெரிமவுண்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 1988–89 பருவத்தில் ஒரு போட்டிக்குச் சராசரியாக 32.7 புள்ளிகளும் 13.7 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழக முதற்பிரிவில் ஒரே பருவத்தில் இரண்டிலும் முதலிடம் பெற்றவர் அவருக்கு முன் ஒருவர்தான். இந்த விளையாட்டைப் பயிற்றுவிப்பவர்களுக்கு அதன் கனம் புரியும். வளையத்தின் கீழ் இடித்துக்கொண்டு நின்று பந்தைப் பறிப்பதற்கும், ஓடிப்போய்ப் புள்ளி எடுப்பதற்கும் வேறு வேறு உடல் வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன. பயிற்றுவிப்பாளர் போல் வெஸ்ட்ஹெட்டின் முறையோ, பந்து கைக்கு வந்த சில விநாடிகளில் எறிந்துவிட்டு உடனே முழுக் களத்திலும் எதிரணியை மறிக்கும் முறை. 1989–90 பருவத்தில் அந்த அணி போட்டிக்கு 122 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. அப்படி ஆடுகிறவரின் இதயத்துக்கு ஆட்டம் முடியும்வரை ஓய்வே கிடையாது.

1989 டிசம்பர் 9 அன்று ப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும், யாரும் மறிக்காத எறிதல்) எறியும் கோட்டில் நின்ற கெதர்ஸ் மயங்கி விழுந்தார். பரிசோதனையில், உடல் உழைப்பின்போது இதயத்துடிப்பு தாறுமாறாவது தெரிந்தது. ப்ரொப்ரனோலோல் கொடுத்தார்கள். அந்த மருந்து இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அதனாலேயே விளையாடுபவருக்குக் கால் கனத்தது போலவும் மூச்சு போதாதது போலவும் இருக்கும். அவரும் அதைத்தான் முறையிட்டார். அளவு குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4, போர்ட்லாண்ட் அணிக்கு எதிரான போட்டியில் உயரத்தில் வந்த பந்தைப் பாய்ந்து பிடித்து வளையத்துக்குள் அடித்துவிட்டுத் திரும்பியவர் விழுந்தார். வயது 23. இதயத் தசையில் நோய் இருந்ததைப் பிரேத பரிசோதனை காட்டியது. டிசம்பருக்குப் பிறகு இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியையும் அந்த அணி வைத்திருந்தது. அரங்குக்கு வெளியே கொண்டுபோன பிறகே அதைப் பயன்படுத்தினார்கள் என்பது பின்னர் வழக்கில் பெரும் சர்ச்சையானது.

சிறுவயதிலிருந்தே அவரோடு ஆடிய நண்பர் போ கிம்பிள் வலக்கைக்காரர். ஆனாலும் அதன்பின் நடந்த தேசியத் தொடரில் ஒவ்வொரு போட்டியிலும் தன் முதல் ப்ரீ த்ரோவை இடக்கையால் எறிந்தார். கெதர்ஸ் ப்ரீ த்ரோவுக்கு இடக்கைக்கு மாறியிருந்தார், அதனால். எறிந்த அத்தனையும் வளையத்துக்குள் விழுந்தன. நடப்புச் சம்பியனான மிச்சிகனை 149–115 என்று வென்று, அந்த அணி கடைசி எட்டு வரை போனது.

நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது டிசம்பர் 9. இதய நோய் எப்போதும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பதில்லை. கொடுக்கும்போது அது பெரும்பாலும் இப்படித்தான், ஓட்டத்தின் நடுவே ஒரு மயக்கமாக வரும். நம் பாடசாலைகளில் அதற்கு என்ன நடக்கிறது? "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான்" என்று இனிப்புத் தேநீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, வீட்டுக்கு அனுப்புகிறோம். காலைக் கூட்டத்தில் வெயிலில் வெகுநேரம் நின்ற பிள்ளை விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதை இதயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை வைத்தியரைப் பார்க்கும்வரை எந்த விளையாட்டும் கூடாது.

வைத்தியசாலைக்கு அனுப்பும்போது ஒரு கடிதத்தில் நான்கு விடயங்களை எழுதிக் கொடுங்கள்: விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் நினைவில்லை, ஓடும்போது நெஞ்சுவலியோ படபடப்போ முன்பு வந்ததா, குடும்பத்தில் 50 வயதுக்கு முன் திடீரென இறந்தவர் உண்டா. கடைசிக் கேள்விதான் மிகவும் பயன் தரும். இப்படி விழவைக்கக்கூடிய, இதயத் தசை தடிக்கும் நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமா ஒருவர் இளவயதில் இறந்ததை "முனி அடித்துவிட்டது" என்று வீட்டில் சொன்னால், பரிவோடு கேட்டு அதையும் எழுதுங்கள். ஈசிஜி சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இல்லை. ஆனால் ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் போதாது, தசையின் தடிப்பைப் பார்க்க எக்கோ ஸ்கேன் வேண்டும். நோய் உறுதியானால் அண்ணன் தம்பி அக்கா தங்கையரையும் பரிசோதிக்க வேண்டும். மருந்து எழுதப்பட்டிருந்தால், "மெட்ச் முடியும்வரை கொஞ்சம் குறைக்கலாமே" என்ற பேச்சைப் பயிற்றுவிப்பாளர் எடுக்கவே கூடாது. திடீரென நிறுத்தினால் துடிப்பு இன்னும் மோசமாகலாம்.

எச்சரிக்கையே இல்லாமல் விழுபவர்களும் உண்டு. யாரும் மோதாமல், கையை ஊன்றாமல் சரிந்து விழுவார்கள். கண் திறந்திருக்கலாம். சில விநாடிகள் கை கால் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். குறட்டை போன்ற, விட்டுவிட்டு வரும் திணறல் சத்தத்தைக் கேட்டு "மூச்சு இருக்கிறது" என்று காத்திருக்கிறார்கள். அது மூச்சு அல்ல, இதயம் நின்றதன் அடையாளம். தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, 10 விநாடிக்குள் சீரான மூச்சும் தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுங்கள். தூக்கிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடாதீர்கள். இதயத்தை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. நம் மலைப்பாதைகளில் வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விழுந்த இடத்திலேயே மல்லாக்கப் படுக்கவையுங்கள். சீமெந்துத் தரை நல்லது, மெத்தை வேண்டாம். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் இரத்தம் நிறையும். செய்பவர் களைத்தால் ஆழம் குறைந்துவிடும், அவருக்கே அது தெரியாது. ஆகவே 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். மற்றவர்கள் நிறுத்தாமல் அழுத்தினாலே போதும்.

அதேநேரம் இன்னொருவர் இலங்கையின் அம்புலன்ஸ் சேவை இலக்கமான 1990க்கு அழைக்க வேண்டும். கெதர்ஸ் இறந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான், ஆனால் மாணவர் மனதில் இலக்கம் பதிய உதவும். "மேற்பிரிவு", "கீழ்ப்பிரிவு" என்று மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். தோட்டத்தின் பெயர், பிரிவு, கிட்டிய நகரம், எந்தச் சந்தியில் திரும்புவது என்று வரிசையாகச் சொல்லுங்கள். இரண்டு மாணவரைச் சந்திக்கு அனுப்புங்கள். மைதானக் கேற்றின் சாவி யாரிடம் என்பது போட்டி தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் இன்றைய ஏஈடி கருவி தானே துடிப்பைப் பார்த்து, தானே முடிவெடுத்து, அடுத்து என்ன செய்வது என்று பேசும். ஆசிரியர் மட்டுமல்ல, உயர்தர மாணவரும் இயக்கலாம். நம் ஊரின் தூறலிலும் வியர்வையிலும், நெஞ்சில் ஒட்டவேண்டிய அதன் தட்டு ஒட்டாது. நெஞ்சைத் துவாயால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஜேர்ஸியைக் கத்தரியால் வெட்டி, ஒரு தட்டை வலது காறையெலும்பின் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டுங்கள். அதிர்ச்சி கொடுக்கும்போது யாரும் தொடக்கூடாது, கொடுத்தவுடன் மீண்டும் அழுத்தத் தொடங்க வேண்டும். ஒட்டும் தட்டுகள் பெரும்பாலும் 2 ஆண்டுக்குள் காலாவதியாகும், பற்றரி சில ஆண்டுகள் வரும். திகதியை மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள். கருவியை அதிபர் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதும், இல்லாமல் இருப்பதும் ஒன்றே.

ஒவ்வொரு பாடசாலையும் உடனே வாங்கிவிடாது என்பது தெரியும். ஆகவே என் கோரிக்கை இரண்டு தரப்பிடம். வலயக் கல்விப் பணிமனைகள் வலயப் போட்டி நடக்கும் மைதானத்துக்கு ஒரு கருவியையாவது கொண்டுவந்து, அது இருக்கும் இடத்தைத் தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். கேடயத்துக்கும் ஜேர்ஸிக்கும் தாராளமாகக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்கள், ஓராண்டு அந்தப் பணத்தை இதற்குத் தரலாம். நெஞ்சை அழுத்தும் பயிற்சிக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சிப் பொம்மை ஒன்றும் ஒரு பாடவேளையும் இருந்தால், ஒரு வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளும்.

கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர் ஒருவர்,
ஹட்டன்.